விலையுள்ள கூடும் விலையற்ற கூடும்

வீடு மனிதன் தனக்கெனக் கட்டிக்கொள்வது. ஆயினும் அவ்வீட்டின் இறப்பைக் குருவிக்கு விட்டுக்கொடுத்து வாழ்ந்த வரலாறு தமிழருக்கு உண்டு. இறப்பில் தன் குஞ்சுகளோடு தங்கும் மனைக்குருவியைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று காட்டுகிறது. தலைவன் சென்ற நாட்டிலும் இத்தகைய மாலையும் தனிமையும் இல்லையோ எனத் தலைவி வருந்துமிடத்து அக்குருவி இடம்பெறுகிறது. இறப்பில் ஒரு கூடு இருப்பது அன்று வீட்டின் இயல்பாகவே கருதப்பட்டது.

நம் ஜொகூர் மாநிலத்தின் பழைய கடைவீதிகளிலும் இறப்புப் பறவைகள் உண்டு. மாலையில் கடைகளுக்கு மேலே கூட்டமாகக் கீச்சிட்டுச் சுழலும் கரும்பறவைகளைப் பலரும் கண்டிருப்பர். அவற்றைத் தமிழில் உழவாரன் என்பர். திருநாவுக்கரசர் கோயில் திருமுற்றங்களில் புல் செதுக்கிய உழவாரப் படையை இப்பெயர் நமக்கு நினைவூட்டுகிறது. அரிவாள்போல் வளைந்த அதன் சிறகைக் கண்டோர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

தகைவிலானையும் உழவாரனையும் பலர் ஒன்றெனக் கருதுவர். மின்கம்பியில் வரிசையாக அமர்வது தகைவிலான். உழவாரனால் அவ்வாறு அமர இயலாது. அதன் நான்கு விரல்களும் முன்னோக்கியே இருப்பதால் சுவரைப் பற்றித் தொங்குமேயன்றிக் கிளையில் அமராது. உண்பதும் நீர் பருகுவதும் பறந்துகொண்டேதான். ஐரோப்பிய உழவாரன் ஆண்டில் பத்து மாதங்கள் தரையிறங்காமல் பறக்க வல்லது எனச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல் கண்டறிந்தனர். இவ்வாறு வானத்தையே வீடாகக் கொண்ட பறவைக்கும் முட்டையிட ஒரு சுவர் வேண்டும். அந்தத் தேவையே அதனை மனிதனோடு பிணைத்தது.

பாறைப் பிளவுகளிலும் குகைகளிலும் கூடு கட்டிய இவ்வினம் நகரத்திற்கு வந்த கதை, நம் நகரங்களின் கதையோடு சேர்ந்தது. கடைவீடுகளின் முன்னே ஐந்தடி நடைபாதை அமைய வேண்டுமென்ற விதி, ராபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் எழுந்தது. 1855இல் தோன்றிய தஞ்சோங் புத்ரி 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. மிளகும் காம்பிரும், பின்னர் ரப்பரும் வளர வளர, மூவார், பத்து பஹாட், குளுவாங், சிகாமட் முதலிய ஊர்களிலும் கடைவீட்டு வரிசைகள் எழுந்தன. ஐந்தடியின் உயர்ந்த கூரை மழைக்கும் வெயிலுக்கும் மறைவாயிற்று. உழவாரனின் கண்ணுக்கு அது மற்றொரு பாறைப் பிளவு. வைக்கோல் துணுக்கையும் இறகையும் காற்றிலேயே பிடித்து, உமிழ்நீரால் ஒட்டி, அங்கே கூடு கட்டியது.

அதன் உறவினம் ஒன்றும் நகரத்திற்கு வந்தது. மலாய் மொழியில் வாலிட் எனப்படும் அச்சிறு பறவை, இருட்குகையில் ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழியறிவது. தன் உமிழ்நீரைக் கொண்டே ஒரு மாதத்திற்கு மேல் உழைத்து வெண்கூடு கட்டுவது. சீனர் அக்கூட்டை உயர்ந்த உணவாகப் போற்றுவதால் சரவாக்கின் நியா குகையும் சபாவின் கோமந்தோங் குகையும் புகழ்பெற்றன. ஜாவாவின் செடாயு என்னும் ஊரில் 1880ஆம் ஆண்டளவில் இப்பறவைகள் வெற்று வீட்டில் குடியேறின என்பர். வீட்டிலேயே கூடு விளையும் என்ற செய்தி பின்னர் மலாயாவிற்கும் எட்டியது.

1997ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இத்தொழில் நம் நாட்டில் பெருகியது. பழங்கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு கட்டுப்பாடு முற்றும் விலகியது. பல குடும்பங்கள் வெளியேறின, மேல்மாடிகள் வெறுமையாயின. சில வீடுகளில் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்துப் பறவை நுழையத் துளை விட்டனர். உள்ளே ஈரமும் இருளும் அமைத்தனர். கூரைமேல் ஒலிபெருக்கி வைத்துப் பறவைக் குரலை நாள்தோறும் ஒலிக்கச் செய்தனர். பத்து பஹாட், மூவார், மெர்சிங் போன்ற ஜொகூர் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. மனிதர் குடியிருந்த வீட்டிற்குப் பறவை உரிமையுடைய குடியாயிற்று.

வரவேற்பு இருந்தது, ஆயினும் அது கூட்டின் விலைக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு. ஓயாத ஒலியும் எச்சமும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாயின. 2008இல் உலக மரபுரிமை நகரமான ஜார்ஜ் டவுனில் பறவை வீடுகளை 2013இறுதிக்குள் அகற்றும் முடிவு எடுக்கப்பட்டது. 2011இல் சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் மிகுந்திருந்தது கண்டு சீனா இறக்குமதியை நிறுத்தவே விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தால் வரவேற்பும் வீழும். முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூட்டைப் பறிப்போரும் உளர். நியா குகையில் இவ்வினம் பெரிதும் குறைந்ததற்கு அளவிறந்த அறுவடை காரணமாயிற்று.

இனி ஐந்தடிக் கூரையின் உழவாரனைப் பாருங்கள். அதன் கூடு வைக்கோலும் இறகும் கலந்தது, யாரும் உண்ணார். ஆதலால் ஒரே வீதியில் இரு காட்சிகளைக் காணலாம். விலையுள்ள கூட்டைக் காக்க மேல்மாடிக்கு இரும்புப் பூட்டு. விலையற்ற கூட்டைத் தட்டிவிடக் கீழ்மாடியில் நீண்ட கழி. இரண்டு பறவையும் ஒரே குடும்பம். இரண்டும் பறக்கும் ஈசலையும் கொசு போன்ற பூச்சிகளையும் உண்பவை. வேறுபாடு பறவையில் இல்லை. நம் கணக்கில் இருக்கிறது.

பிற நாடுகளில் வேறு பாதையும் உண்டு. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரமன்றம் 2020இல், ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களில் உழவாரன் நுழையும் துளைச் செங்கற்களைப் பதிக்கும் விதியைக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டே, 2021 இறுதியில், அந்நாட்டில் உழவாரன் அழியும் இடருள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழங்கட்டடங்களின் பொந்துகள் அடைபடுவது ஒரு காரணம் எனக் கருதுகின்றனர். எருசலேமின் மேற்குச் சுவரின் பிளவுகளில் வாழும் உழவாரன்களுக்காக, சுவரைச் செப்பனிடும்போது அவற்றின் பொந்துகள் விட்டுவைக்கப்படுகின்றன. இவ்விரு இடங்களிலும் கூட்டிற்கு விலையில்லை என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கன எளியவை. முட்டையிடுவது முதல் குஞ்சு பறப்பது வரை ஏறத்தாழ இரண்டு மாதம். அக்காலத்தில் சுண்ணாம்பு பூசுவதையும் செப்பனிடுவதையும் தள்ளிவைக்கலாம். கூட்டின் கீழ் ஒரு பலகை அமைத்தால் எச்சம் நடப்போர்மேல் விழாது. குஞ்சு பறந்த பின்னும் உழவாரன் பழைய கூட்டில் இரவுகளைக் கழிக்கும். ஆதலால் வெறுங்கூடு எனக் கலைத்தல் கூடாது. தரையில் விழுந்த பறவையை மேலே வீசுவதும் கூடாது, அது காயமுற்றிருக்கலாம். அதனைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, வனவிலங்குத் துறையின் உதவியை நாடுவதே முறை. ஜூன் 7 உலக உழவாரன் நாள். அன்று மாணவர் தத்தம் கடைவீதியில் கூடுகளை எண்ணி ஏட்டில் எழுதட்டும். ஆண்டுதோறும் எழுதினால் அதுவே ஊரின் வரலாறாகும்.

ஓர் ஊரின் நாகரிகத்தை அதன் கட்டடங்களின் உயரத்தால் அளப்பது வழக்கம். தனக்கு ஊதியம் தராத உயிர்க்கு அவ்வூர் தன் கூரையில் விட்டுக்கொடுக்கும் ஒரு சாண் இடத்தாலும் அளக்கலாம். குறுந்தொகையை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், பாடல் முடிந்ததும் மாணவரை ஒருமுறை ஐந்தடிக்கு அழைத்துச் சென்று மேலே பார்க்கச் சொல்வாராக.