கப் ஜெயிச்சா மட்டும் பெரிய டீமா?

1/ கணுக்கால் சுளுக்கோட அடையாறு கிளினிக்குக்கு வந்த ஒரு காலேஜ் தம்பி, கட்டு போடும்போதே கேட்டான்: "டாக்டர், சென்னையின் எஃப்சி ரெண்டு தடவை ஐஎஸ்எல் சாம்பியன். அப்போ நாமளும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் லெவல்தானே?" அஞ்சு நிமிஷத்துல சொல்ற பதில் இல்ல. அதான் இந்த த்ரெட்.

2/ மோகன் பகான், 1889ல் தொடங்கின கிளப். 1911 ஜூலை 29, ஐஎஃப்ஏ ஷீல்டு ஃபைனல். எதிர்ல பூட்ஸ் போட்ட பிரிட்டிஷ் ராணுவ டீம், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட். இவங்கள்ல ஒருத்தர் தவிர எல்லாரும் வெறுங்கால். ஸ்கோர் 2-1. ஆண்டவனை அவன் ஆட்டத்துலயே ஜெயிக்கலாம்னு ஊருக்குத் தெரிஞ்ச நாள் அது.

3/ முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து 5 வருஷம் கல்கத்தா லீக் சாம்பியன். 1940ல் டூரண்ட் கப். நாடு முழுக்க முஸ்லிம் மக்கள் அதைத் தங்க டீமா நினைச்சாங்க.

4/ ஈஸ்ட் பெங்கால், 1920. பிரிவினையில வீடு வாசலை விட்டு வந்தவங்களுக்கு, இழந்த ஊரோட பேரைச் சொல்ல மிச்சமிருந்தது இந்த கிளப். 2004க்கு அப்புறம் 20 வருஷம் தேசிய லீக் பட்டம் இல்ல. கூட்டம் குறைஞ்சுதா? இல்லியே!

5/ இப்போ மறுபக்கம். ஹைதராபாத் போலீஸ் டீம் 1950-54ல் தொடர்ந்து 5 ரோவர்ஸ் கப் ஜெயிச்சது. நம்ம நீலகிரி வெலிங்டன்ல இருக்கற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர், 1955லயும் 1958லயும் டூரண்ட் ஜெயிச்சது. அங்க ஆடின கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், 1962 ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின இந்திய டீம்ல இருந்தவர். இன்னைக்கு இந்த டீம்களைப் பத்தி யார் பேசறாங்க?

6/ முதல் தேசிய லீக்கை (1996-97) ஜெயிச்ச ஜேசிடி 2011ல் கலைஞ்சது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் அதுக்கு முந்தின வருஷமே காலி. 2018-19ல் ஐ-லீக் ஜெயிச்ச சென்னை சிட்டி, கோயம்புத்தூர்ல ஆடின டீம், அதுவும் இப்போ களத்துல இல்ல.

7/ கப் இவங்க கிட்டயும் இருந்துச்சு. ஆனா டீம் ஒரு துறையோடதா, ஒரு கம்பெனியோடதா, ஒரு முதலாளியோடதா இருந்துச்சு. அவங்க கையை எடுத்தா கதை முடிஞ்சுது. கல்கத்தா மூணும் ஜனங்களோடது. தோத்தாலும் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு பிள்ளை வருவான்.

8/ ஒரு நாள் பிபி ரீடிங்கை வச்சு நான் முடிவு சொல்றதில்ல, குடும்ப வரலாறும் கேட்பேன். இங்கயும் அதான். 2015, 2017-18 ரெண்டும் நல்ல ரீடிங். வரலாறு இன்னும் எழுதப்படல.

9/ தம்பி கிட்ட சொன்னது இதான்: "டீம் தொடர்ந்து அஞ்சு மேட்ச் தோத்த பிறகும் நேரு ஸ்டேடியத்துக்கு டிக்கெட் எடுப்பியா? எடுத்தா, உன் பேரன் காலத்துல நாமளும் அந்த லெவல்." கட்டு போட்ட காலைப் பார்த்தான். "எப்போ டாக்டர் நடக்கலாம்?"

மூணு வாரம், தம்பி. ஸ்டேடியத்துக்குப் போகணும்னா ரெண்டரை.