மானிப்பாயில் தமிழுக்கு வந்த மூச்சுக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சுபஹுக்குப் பிறகு ஐந்து சந்திப் பக்கம் நடக்கிற எங்கட பெரியவர்கள் சிலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். "மூச்சு வாங்குது மகன், இரத்தத்தில ஒட்சிசன் முடியுதாக்கும்" என்பார்கள். வகுப்பில் பிள்ளைகள் எழுதுவதும் இதைத்தான். பெற்றோரிடமிருந்து வேறொரு பேச்சு வரும்: "விஞ்ஞானத்தைத் தமிழில படிச்சு என்ன பிரயோசனம் சேர்?" இரண்டுக்கும் பதில் இங்கிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில், மானிப்பாயில் இருக்கிறது.

1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். வந்த கொஞ்ச நாளிலேயே மானிப்பாயில் எங்கட பொடியன்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. 1860களில் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். எதிர்ப்பு வராமல் இருக்குமா? இங்கிலீஷ் இல்லாத படிப்புக்குச் சம்பளம் எங்கே என்று அன்றைக்கும் கேட்டார்கள். மனிசன் அசையவில்லை. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேல். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் என்று நூல்கள் தமிழில் வந்தன. இரசாயன நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்', 1875. உடல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் 'மனுஷ சுகரணம்' 1883 இல் வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் அவர் காலமானார். மதம் பரப்பத்தான் வந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூச்சையும் குருதியையும் இந்த மண்ணின் பாஷையில் பாடமாக்கியதில் அவருக்கு நாங்கள் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

அந்தப் பாடத்தின் வேர் பாரிசில். 1790 ஆம் ஆண்டளவில் இலவோசியே தன் உதவியாளர் செகென் என்பவரின் முகத்தில் மூடி ஒன்றை மாட்டி, காலால் மிதி ஒன்றை அழுத்தச் சொல்லி, அவர் எடுக்கிற ஒட்சிசனை அளந்தார். சும்மா இருக்கும்போது எடுத்ததைவிட இரண்டரை மடங்குக்கு மேல்! இலவோசியேயின் மனைவி அதைப் படமாக வரைந்திருக்கிறார், மேசையில் தான் குறிப்பெடுப்பதையும் சேர்த்து. சைக்கிள் உழக்குகிற எங்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியாது.

இனி நடக்கிறவரிடம் வருவோம். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது. கொஞ்சம் வேகமாக நடந்தால் அது இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். நுரையீரலின் சிற்றறைகளில் ஒட்சிசனை ஏற்றுவது செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபின். ஓய்வில் உடம்பு அதில் கால்வாசியைத்தான் இறக்கி எடுக்கிறது, மிச்சம் அப்படியே திரும்பி வருகிறது. தசை வேலை செய்து சூடேறி, காபனீரொட்சைட்டு கூடும்போது ஈமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி இன்னும் அதிகம் இறக்கிவிடும். வேலை செய்யும் தசையில் மயிர்த்துளைக் குழாய்கள் கூடுதலாகத் திறக்கின்றன என்று காட்டியதற்குத்தான் டென்மார்க்கின் ஒகஸ்ட் குரோவுக்கு 1920 இல் நோபல் பரிசு கிடைத்தது. கடைசியில் கலத்துக்குள் இழைமணியில் குளுக்கோசும் கொழுப்பும் இந்த ஒட்சிசனோடு சேர்ந்து சக்தியாகின்றன.

ஆகவே பெரியவர்களே, சுகமான ஆள் மிதமாக நடக்கும்போது நாடிக் குருதியில் ஒட்சிசன் அநேகமாகக் குறைவதே இல்லை. மூச்சு கூடுவது மூளை முன்கூட்டியே கொடுக்கிற கட்டளையாலும், காபனீரொட்சைட்டை வெளியேற்றவும்தான். முதல் இரண்டு மூன்று நிமிடம் வழங்கல் பின்தங்கும், அதுதான் அந்த இளைப்பு. பிறகு தேவையும் வரவும் சமமாகிவிடும். 1954 இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை ஒரு முழு நாளுக்கும் மேல் நீந்திக் கடந்தது இந்தச் சமநிலையை விடாமல் பிடித்துக்கொண்டுதான். வேகத்தைக் கூட்டியிருந்தால் கோடிக்கரை கிடைத்திராது.

தொண்ணூறுகளில் பெற்றோல் தடையால் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியது. அந்தக் காலம் எங்கட ஆக்களுக்கு வாய்க்கவில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்தோம். திரும்பி வந்தபோது பலரிடம் சைக்கிளுக்குப் பதில் சீனி வருத்தமும் பிரஷரும்தான் இருந்தது.

நடக்கும்போது கதைக்க முடியவேணும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். சமதரையில் மெதுவாக நடந்தும் இளைக்கிறதா, நெஞ்சு இறுக்குகிறதா? அதை வயசின் மேல் போடாமல் கிளினிக்குக்குப் போங்கள். இதயமாகவும் இருக்கலாம், குருதிச்சோகையாகவும் இருக்கலாம்.

கிறீன் வைத்தியரின் நூல்களின் பழைய பிரதி யாரிடமாவது, மானிப்பாய்ப் பக்கத்துச் சிநேகிதர்களிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.