ரப்பர் மீது அமர்ந்த இஞ்சின்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவிய மீன்பிடிப் படகுகளில் பரவிய சூட்டுக்குமிழ் இஞ்சின், அதாவது சிலிண்டர்த் தலையில் காய்ச்சிய குமிழொன்றின் வெப்பத்தால் எண்ணெயைப் பற்றவைத்த எந்திரம், படகின் அடிப்பகுதியோடு பிணைத்த தடித்த மர உத்தரங்களில் நேராகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. கனத்த உடலும் மந்தமான சுழற்சியும் கொண்ட அதன் உதறலை மரமே வாங்கிக்கொண்டதால், துளைகள் தளர்ந்து போல்ட் ஆடத் தொடங்கியபோது உத்தரத்தைச் சீராக்கும் வேலை படகுத் தச்சரிடம் வந்ததே தவிர, கழற்றி மாற்றத்தக்க தாங்கி என்று தனி உறுப்பு எதுவும் அப்போது தேவைப்படவில்லை.

எடை குறைந்து சுற்று கூடிய டீசல் இஞ்சின்கள் வந்தபின் அதிர்வு படகு முழுவதும் பரவி இரைச்சலானது. அதற்கான வழி தரையில் ஓடும் வண்டியிலிருந்து வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1931இல் தன் பிளிமத் காரின் இஞ்சினை ரப்பர் தாங்கிகளின் மேல் ஏற்றி, அதை ‘மிதக்கும் ஆற்றல்’ என்ற பொருள்படும் பெயரால் விளம்பரப்படுத்தியது. எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகிவிடும் இயற்கை ரப்பரைவிட எண்ணெயை நன்கு தாக்குப்பிடிக்கும் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை டூபாண்ட் நிறுவனம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். ஆயினும் கார்த் தாங்கி அப்படியே படகுக்குப் பொருந்துவதில்லை. விசிறியின் தள்ளுவிசையை ஏற்கும் தனி உந்துதாங்கி இல்லாத படகில் விசிறி நீரைத் தள்ளும் எதிர்விசை தண்டு, கியர்பெட்டி வழியாக இஞ்சினை முன்னோக்கி அழுத்த, அதையும் இந்த ரப்பரே ஏற்க வேண்டியிருப்பதால், மேலும் கீழும் இளகி முன்பின் விறைத்து நிற்கும் தாங்கி தேவைப்பட்டது.

உதறல் ஒழிந்துவிடவில்லை, தேய்ந்துபோகும் ஒரு பொருளுக்குள் அடக்கப்பட்டது என்பதே இம்மாற்றத்தின் உண்மையான கணக்கு. பழைய தாங்கியின் ரப்பர் விளிம்பில் பிதுங்கி, வெடிப்புவிட்டு, இரும்பிலிருந்து பிரிந்து துருப்பொடி உதிர்க்கும். இஞ்சின் சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலே தண்டின் நேர்க்கோடு கெட்டுவிடும். எனவே தாங்கிகளை ஒரே தொகுதியாக மாற்றுவதும், கரையில் படகின் உடல் வடிவம் சற்றே மாறிவிடும் என்பதால் படகு மிதக்கும் நிலையிலேயே தண்டையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கப்ளிங் தட்டுகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளப்பதும் வழக்கமாயின. 4 அங்குலத் தட்டில் சுற்றிலும் ஏறத்தாழ 0.1 மி.மீ. வேறுபாடு என்பது ஏற்கத்தக்க எல்லை. புதிய ரப்பர் சுமையில் படிய நாளாகுமாதலால் சில காலத்துக்குப் பின் மறுபடி அளக்க வேண்டும். இது தெரியாதவர்கள், தண்டு வெளியேறும் இடத்தில் நீர் கசிந்தால், நேர்க்கோடு தவறியதைப் பார்க்காமல் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பாக்கிங்கை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பர்.