ட்றூமனும் ஐசனோவரும்: ஈரானிய எண்ணெய் விவகாரத்தில் ஆட்சிமாற்றத்தின் பங்கு

அமெரிக்க ஜனாதிபதி மாறினும் அந்நாட்டின் அயலுறவுக் கொள்கை மாறுவதில்லை என்னும் கூற்று முற்போக்காளரிடையே ஏறத்தாழ ஒரு சூத்திரமாகவே வழங்கி வருகின்றது. அதில் உண்மை உண்டு. ஆயின் அச்சூத்திரத்தை மட்டும் கொண்டு 1953இல் ஈரானில் நிகழ்ந்தவற்றை நாம் விளக்கிவிட முடியாது.

1951 மார்ச்சில் ஈரானிய நாடாளுமன்றம் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கியது. சில வாரங்களில் மொசாடெக் பிரதமரானார். பறிபோன ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய்க் கம்பனியின் பெரும்பங்கு பிரித்தானிய அரசுக்கே உரியது. ஆதலின் அபதானைப் படைகொண்டு கைப்பற்றவும் இலண்டன் எண்ணிற்று. ட்றூமன் அரசாங்கம் அதற்கு உடன்படவில்லை. யூலையில் ஹரிமன் சமரசம் பேசத் தெஹ்ரான் சென்றார். ஒக்டோபரில் மொசாடெக் வாஷிங்டனில் வரவேற்கப்பட்டார்.

இதுகொண்டு ட்றூமனை ஈரானிய மக்களின் நண்பராகக் கருதுவது பேதைமையாகும். ஈரானிய எண்ணெயை வாங்க மறுத்து அந்நாட்டின் வருவாயை வற்றச்செய்த பெருங் கம்பனிகளுள் அமெரிக்கக் கம்பனிகளும் இருந்தன. அக்கம்பனிகளின் ஏகபோகம் பற்றி நடந்துவந்த குற்றவியல் விசாரணையைக் குடியியல் வழக்காக மாற்றுமாறு, 1953 சனவரியில், பதவி நீங்குவதற்குச் சில நாட்கள் இருக்கையில், பணித்தவரும் ட்றூமனே. தேசியப் பாதுகாப்பே அதற்குக் கூறப்பட்ட காரணம். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதுவராக இருந்த ஹென்டர்சன் இரு ஜனாதிபதிகளின் கீழும் அப்பதவியிலேயே நீடித்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் மாறியது யாது? 1952 இறுதியில் பிரித்தானிய உளவுத்துறையினர் மொசாடெக்கைக் கவிழ்க்கும் திட்டமொன்றுடன் வாஷிங்டன் சென்றனர். எண்ணெய் இழப்பைப் பின்னே வைத்துக் கம்யூனிச அபாயத்தையே அவர்கள் முன்னிறுத்தினர். கேட்போரின் நாடியறிந்து பேசினர் எனலாம். விடைபெறவிருந்த அரசாங்கம் இசையவில்லை. 1953 சனவரி 20இல் ஐசனோவர் பதவியேற்றதும் ஜோன் பொஸ்டர் டலஸ் இராசாங்கச் செயலாளரானார். அவர் தம்பி அலன் டலஸ் மத்திய உளவு நிறுவனத்தின் தலைவரானார். அத்திட்டம் இப்பொழுது ஏற்கப்பட்டது. நிதியுதவி கோரி மொசாடெக் எழுதிய கடிதத்துக்கு யூன் இறுதியில் மறுப்பே விடையாக வந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் முதன்முயற்சி தோல்வியுற, ஷா மன்னர் பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். 19ஆந் திகதி இரண்டாம் முயற்சி வென்றது.

மொசாடெக்கின் அணி அதற்கு முன்னரே சிதையத் தொடங்கியிருந்தது; காஷானி போன்றோர் அவரைக் கைவிட்டிருந்தனர். ட்றூமன் தொடர்ந்திருப்பினும் முடிவு இதுவே என வாதிப்போர் இதனைச் சுட்டுவர். எமக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. வர்க்க நலன் இலக்கை வரையறுக்கின்றது. எவ்வழியில், எக்காலத்தில் என்பதை ஆட்சியிலுள்ளோர் தீர்மானிக்கின்றனர். தாக்குண்ட நாட்டுக்கு அவ்வேறுபாடு சிறியதன்று.

நட்பு நாடாகிய பிரித்தானியாவும் இதற்கு விலை கொடுத்தது. 1954இல் அமைந்த எண்ணெய்க் கூட்டிணைப்பில் பழைய கம்பனிக்குக் கிடைத்தது 40 வீதமே. முன்னர் அங்கு பங்கே இல்லாதிருந்த அமெரிக்கக் கம்பனிகள் மற்றொரு 40 வீதத்தைப் பெற்றன. ஷெல் 14 வீதமும் பிரெஞ்சுக் கம்பனி 6 வீதமும் கொண்டன. மறுவருடம் ஈரான் பாக்தாத் ஒப்பந்தத்திற் சேர்ந்தது.

எண்ணெய் உடன்படிக்கை 1954 ஒக்டோபர் இறுதியில் நிறைவேறியது. மொசாடெக்கின் வெளிநாட்டமைச்சராயிருந்த ஹுசைன் பாத்திமி அடுத்த மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்.