தொழுகை

ரம்ஜான் காலையில் தொலைக்காட்சிச் செய்தியில் ‘சிறப்பு நமாஸ்’ என்று ஓடியது. ஆம்பூரில் உருது பேசும் வீட்டில் அப்படிச் சொன்னால் அது இயல்பு. தமிழ்ச் செய்திக்கு ஏன்? நமாஸ் அரபுச் சொல்கூட இல்லை, பாரசீகம். வளைதல், பணிதல் என்ற பொருளில் வடமொழி ‘நமஸ்’ஸுக்கு உறவு. குர்ஆன் சொல்லும் சொல் ‘ஸலாத்’. அதற்குத் தமிழ் முஸ்லிம்கள் எடுத்துக்கொண்டது நம் ‘தொழுகை’. பழந்தமிழில் தொழுதல் என்றால் கைகூப்புதல்தான். தெய்வத்தை, அரசனை, யாரை வேண்டுமானாலும் தொழலாம். தொழுத கைக்குள்ளும் ஆயுதம் இருக்கும் என்று எச்சரிக்கிறது குறள். இஸ்லாத்திலோ அல்லாஹ் ஒருவனைத் தவிர வேறு எவரையும் தொழக் கூடாது. அதுதான் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவின் சாரம். சொல் அங்கே போனதும் கூப்பிய கை பிரிந்தது. நிற்பது, குனிவது, நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்வது எல்லாம் அதற்குள் வந்தன, நாளுக்கு ஐந்து வேளை. இன்று பேச்சில் ‘தொழப் போனார்’ என்றாலே பள்ளிவாசல்தான். கோயிலுக்குப் போகிறவர் கும்பிடுகிறார். மலையாளத்தில் வேடிக்கை, நேர் எதிர்: கோயிலில் ‘தொழுகிறார்கள்’, பள்ளிவாசலில் ‘நிஸ்காரம்’, அதாவது நம் நமஸ்காரம்! என் தெருமுனைத் தையற்கடை பாய் மதியம் மெஷினை நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு, “தொழுதுட்டு வந்துடறேன், உட்காருங்க” என்பார். இருபது வருஷமாக அவர் வாயில் நமாஸ் வந்ததில்லை.