சமைத்த சோறும் குளிர்சாதனப் பெட்டியும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

காலை ஐந்தரை மணிக்கு வடித்த சோறு பிற்பகல் ஒரு மணிக்கு நோயாளியின் தட்டுக்கு வருகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில் இது அன்றாட நடைமுறை. இடைப்பட்ட ஏழரை மணி நேரம் அந்தச் சோறு எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உடல்நலம் உள்ளவருக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை; நேர்ந்தாலும் ஒரு நாள் வாந்தியோடு முடிந்துவிடும். ஆனால் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், சிறுநீரகம் பழுதடைந்தவர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர், கைக்குழந்தை ஆகியோருக்கு அதே ஒரு நாள் வாந்தி மருத்துவமனையில் சேரும் நிலையை உண்டாக்கலாம்.

சோற்றில் வளரும் கிருமி

பேசில்லஸ் சீரியஸ் என்பது மண்ணில் இயல்பாக வாழும் ஒரு நுண்ணுயிரி. வயலிலிருந்தே அரிசியுடன் சேர்ந்து நம் சமையலறைக்கு வருகிறது. வறட்சியும் வெப்பமும் தாக்கும்போது இது தன்னைச் சுற்றித் தடித்த உறை அமைத்து, வித்தாக மாறி உறங்குகிறது. கொதிநீரில் சோறு வேகும்போது மற்றக் கிருமிகள் மடிய, இவ்வித்துகளுள் சில பிழைத்துக்கொள்கின்றன. சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைத்துப் பெருகுகின்றன. இவற்றின் வளர்ச்சிக்கு மிகவும் ஏற்றது ஏறத்தாழ 30 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை. சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நம் சமையலறை மேடையின் வெப்பநிலையும் அதுவே.

இக்கிருமி இரண்டு விதமாக நோய் உண்டாக்குகிறது. முதல் வகையில் அது சோற்றிலேயே செரியுலைடு என்னும் நஞ்சைச் சுரக்கிறது. அதை உண்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் குமட்டலும் வாந்தியும் தோன்றும். இரண்டாம் வகையில் கிருமி குடலுக்குள் சென்று நஞ்சை உண்டாக்குகிறது. இதில் எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், முன்பே வேகவைத்து வெளியில் வைத்திருந்த சோற்றைப் பொரித்துப் பரிமாறிய சீன உணவகங்களில் உண்டவர்களிடம் வாந்தி வகை அடையாளம் காணப்பட்டது. அதனால் மருத்துவ நூல்களில் இதற்குப் 'பொரித்த சோற்று நோய்' என்ற பெயரும் உண்டு.

பராமரிப்போர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி இது: செரியுலைடு வெப்பத்திற்கு அசையாத நஞ்சு. 121 டிகிரியில் தொண்ணூறு நிமிடம் வைத்தாலும் அது சிதைவதில்லை. ஆகவே கெட்ட சோற்றை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது நல்ல சோறு ஆவதில்லை. இந்நஞ்சுக்கு மணமோ சுவையோ கிடையாது. சோறு ஊசிப்போன வாடை வேறு கிருமிகளால் வருவது. வாடை இல்லை என்பதாலேயே சோறு பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது.

குக்கரில் வெந்தது போதாதா?

புறநோயாளிப் பிரிவில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது, நியாயமான கேள்வியும்கூட. பிரஷர் குக்கரில் காற்றழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் உண்டாகிறது. அவ்வழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கும். மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ் கருவியும் இதே விதியின்படி 121 டிகிரியில் இயங்குகிறது. எனவே திறந்த பாத்திரத்தில் வடித்த சோற்றைவிடக் குக்கர் சோற்றில் வித்துகள் மிகக் குறைவாகவே எஞ்சும்.

ஆனால் மூடியைத் திறந்து, கரண்டியை இட்டு, கையால் உதிர்த்து, வேறு பாத்திரத்திற்கு மாற்றிய கணத்திலேயே புதிய கிருமிகள் உள்ளே செல்கின்றன. அதன்பின் சோறு எத்தனை மணி நேரம் வெதுவெதுப்பாக இருந்தது என்பதே முக்கியம்.

ஆறவைக்கும் முறை

சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும்; இல்லையேல் 5 டிகிரிக்குக் கீழே குளிரவைக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தல் கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் அந்த இரண்டு மணி ஒரு மணியாகச் சுருங்குகிறது. சென்னைக் கோடையில் ஒரு மணி நேரம் என்றே கணக்கிடுக.

மிஞ்சிய சோற்றை அதே குக்கரில் மூடி வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். குவியலாக உள்ள சோறு தானே தனக்குப் போர்வையாகிவிடுகிறது. அதனால் அகன்ற எவர்சில்வர் தாம்பாளத்தில் ஓர் அங்குலத்திற்கு மேற்படாத உயரத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் இருபது முதல் முப்பது நிமிடம் ஆறவிட்டு, சிறு சிறு மூடிய பாத்திரங்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். சூடான பொருளை உள்ளே வைத்தால் பெட்டி பழுதாகும் என்று அஞ்சி மாலை வரை வெளியில் வைப்போர் உள்ளனர். இளஞ்சூட்டில் உள்ள சிறு பாத்திரத்தால் இன்றைய பெட்டிகளுக்குக் கேடில்லை. குளிரவைத்த சோற்றை அடுத்த நாளுக்குள் உண்டுவிடுக.

குளிர்சாதனப் பெட்டியும் மின்தடையும்

பெட்டியின் உள்ளே திருகியில் காணும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல; பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் குளிர் கூடும். உண்மையான வெப்பநிலையை அறியச் சிறிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைப்பதே வழி. கதவில் உள்ள தட்டுகளே பெட்டியின் மிக வெப்பமான இடம். பால், சோறு, சமைத்த குழம்பு ஆகியவற்றை உட்புறத் தட்டுகளில் வைக்கவும்.

2015 டிசம்பரில் அடையாற்றின் வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நீண்ட நேரம் இல்லை. அத்தகைய வேளைகளில் கதவைத் திறக்காமல் வைத்தால் பெட்டியின் கீழறை ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். உறைபனி அறை நிறைந்திருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் தாங்கும். வெளியூர் செல்வோர் ஒரு சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்லலாம். திரும்பி வரும்போது நாணயம் பனிக்கட்டியின் அடியில் கிடந்தால், இடையில் மின்சாரம் நின்று பனி உருகி மீண்டும் உறைந்தது என்று பொருள். அவ்வாறாயின் உள்ளிருந்த சமைத்த உணவை அகற்றிவிடுங்கள்.

இன்சுலின் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடாது. சரியான கால அளவு உறையில் அச்சிடப்பட்டிருக்கும். மின்சாரம் இல்லாதபோது, நீர் புகாத பையில் இட்டு, மண்பானை நீரில் வைத்த டம்ளருக்குள் வைக்கலாம். சென்னையின் ஈரக்காற்றில் பானை சில டிகிரிகளே குளிரும் என்பது உண்மைதான்; அந்தச் சில டிகிரிகளும் பயன்தரும். உறைபனி அறையில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயனற்றது.

மீண்டும் சூடாக்குதல்

மைக்ரோவேவ் அடுப்பின் அலைகள் உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. அவை உணவின் எல்லாப் பகுதியையும் சமமாகச் சென்றடைவதில்லை. ஒரு கவளம் நாக்கைச் சுட, அடுத்த கவளம் சில்லென்று இருப்பது இதனால்தான். சிறிது நீர் தெளித்து, மூடி, பாதி நேரத்தில் எடுத்துக் கிளறி, எங்கும் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் குளிரவைத்து மறுமுறை சூடாக்க வேண்டாம்.

பழைய சோறு, தயிர்ச் சோறு, இட்லி மாவு

இவ்வளவும் படித்தபின், தலைமுறைகளாக உண்ட பழைய சோறு தீங்கானதா என்ற ஐயம் எழும். இரண்டும் ஒன்றல்ல. நீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமிலம் சுரக்கும் நுண்ணுயிரிகள் பெருகி, இரவுக்குள் நீரைப் புளிக்கச் செய்கின்றன. புளிப்பு ஏற ஏறப் பேசில்லஸ் சீரியஸ் வளர இயலாது போகிறது. ஆறிய சோற்றில், கொதித்து ஆறிய நீரைச் சோறு மூழ்கும்படி ஊற்றி, தூய பாத்திரத்தில் மூடி வைத்து, காலையில் உண்பது நலமுள்ளவருக்கு ஏற்றதே. எனினும் புளிப்பு எவ்வளவு விரைவில் ஏறும் என்பது வீட்டுக்கு வீடு, நீருக்கு நீர் வேறுபடும். எனவே மருந்துச் சிகிச்சையில் வெள்ளையணுக்கள் குறைந்தவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவர் அனுமதிக்கும் வரை இதைத் தவிர்க்க வேண்டும்.

தயிர்ச் சோற்றில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நண்பகலில் புளிக்காமல் இருக்கட்டும் என்று காலையிலேயே பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்து கட்டிக்கொடுப்பது நம் வீடுகளின் பழக்கம். பால் தயிராகும் வரை அக்கலவையில் காக்கும் புளிப்பு இல்லை. நோயாளிக்கெனில் பாலைத் தவிர்த்து, உண்ணும் வேளையில் புதிய தயிரைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. புளியோதரை நெடுநேரம் கெடாமல் இருப்பதற்குப் புளியின் அமிலமும் எண்ணெயும் காரணம். எலுமிச்சைச் சோற்றில் அவ்வளவு பாதுகாப்பு இல்லை.

இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையானது லியூகோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிரி. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள இது, மாவில் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவைப் பிடித்து வைக்கிறது. புளித்த மாவு, பிறகு ஆவியில் முழுதும் வேகிறது, உடனே உண்ணப்படுகிறது. நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்போரிடம் சூடான இட்லியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

வெந்த சோறு குளிரும்போது அதன் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்திற்கு மாறுகிறது. இரவு முழுதும் குளிரவைத்துப் பின் சூடாக்கிய சோறு, புதிய சோற்றைவிட இரத்தச் சர்க்கரையைச் சற்றே குறைவாக உயர்த்துவது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. வேறுபாடு சிறியது. ஒரு கரண்டி கூடுதலாக உண்டால் அந்த நன்மை மறைந்துவிடும். இதை நம்பி மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

மருத்துவமனைக்கு உணவு கொண்டுசெல்வோர்

உள்நோயாளிக்கு வீட்டிலிருந்து உணவு எடுத்துச் செல்லும்போது அடுக்குக் கேரியரைவிட வெற்றிடச் சுவர் கொண்ட தெர்மாஸ் பாத்திரமே மேல். முதலில் அதில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, பின் கொதிக்கும் உணவை நிரப்புக. ஹாட்பேக் எனப்படும் பெட்டி சூட்டைச் சற்று நேரம் காக்குமேயன்றிப் புதிதாகச் சூடாக்காது. ஒருவேளைக்கு எடுத்து வந்ததன் மிச்சத்தைக் கட்டிலருகே அலமாரியில் அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம். உடன் தங்குவோர் தங்களுக்கு 2013 முதல் சென்னை மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகங்களில் அவ்வப்போது வேகும் இட்லியை வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் சமைக்க நேரமில்லாத நாளில் நொய்க் கஞ்சி உதவும். கால் டம்ளர் அரிசி நொய், ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, இரண்டு டம்ளர் நீர், சிறிது சீரகம் ஆகியவற்றைக் குக்கரில் நான்கு விசில் வரை வேகவைத்து மசித்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சிறுநீரக நோயாளிகளுக்கு உப்பு, பருப்பின் அளவை உணவியல் வல்லுநர் கூறியபடி மாற்றுக.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்

வாந்தி தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அளவை மருத்துவரே கூற வேண்டும். நஞ்சினால் வரும் இவ்வாந்திக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரைகள் பயன்படா.

நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் உண்ண இயலாமல் வாந்தி எடுத்தால் சர்க்கரையை உடனே சோதித்து, அன்றைய மருந்தின் அளவு குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்குக் காய்ச்சல் 38 டிகிரியை எட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கே செல்லுங்கள். ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை, மயக்கம், மலத்திலோ வாந்தியிலோ இரத்தம், கண்ணில் மஞ்சள் நிறம், குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் 108 ஊர்தியை அழைக்கவும். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். நோயாளி கடைசியாக உண்டது என்ன, அது எப்போது சமைக்கப்பட்டது என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள்.