அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு முள்வேலி



நம் நாட்டில் பிள்ளைகள் 12 வயதை எட்டியதும் மைகாட் அட்டை எடுத்தாக வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் பெரியவர்களாகிவிட்ட பெருமிதத்தோடு அதனை வகுப்பில் காட்டி மகிழ்வார்கள். அந்த அட்டையின் மூதாதை ஒரு போரில் பிறந்தது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லுவதில்லை.

இராணுவமயமாதல் என்றவுடன் பீரங்கிகளும் அணிவகுப்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், போர்க்களத்தின் ஒழுங்கு அரிசிக் கடைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் அண்டை வீட்டு உறவுக்கும் வந்து சேரும்போதுதான் அது முழுமை பெறுகிறது. மலாயா அதனை 12 ஆண்டுகள் அனுபவித்தது.

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்யப்பட்டு, படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டையைப் பெற்றனர். காட்டில் இருப்பவனையும் ஊரில் இருப்பவனையும் பிரித்தறிவதே அதன் நோக்கம்.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறக்குறைய 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த நம்மவர் லயங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. அரிசி அளந்து தரப்பட்டது. தகர டப்பா உணவு காட்டுக்குப் போய்விடாதிருக்க, விற்கும்போதே டப்பாவில் துளையிடப்பட்டது.

1952-இல் தஞ்சோங் மாலிம் அருகே 12 பேர் கொல்லப்பட்டபோது, உயர் ஆணையர் டெம்பளர் அவ்வூருக்கு நாள்தோறும் 22 மணி நேர ஊரடங்கை விதித்தார். அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுதித் தருமாறு வீடுதோறும் தாள் வழங்கப்பட்டது. அண்டை வீட்டாரைக் காட்டிக் கொடுப்பதும் குடிமக்களின் கடமையாயிற்று.

அன்றைய அச்சுறுத்தல் மெய்யானதே. கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிக்குத் தோட்டத் தொழிலாளர்களும் பலியாயினர். ஆயினும், சட்டத்தின் கை காட்டோடு நிற்கவில்லை. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக விளங்கிய எஸ்.ஏ.கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கூலி உயர்வு கேட்பதற்கே தொழிலாளர்கள் அஞ்சிய காலம் அது.

1960 ஜூலை 31-ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதே ஆண்டில் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2012 வரை நீடித்தது. வேலி அமைக்கும் வித்தையோ கடல் கடந்தது. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் ஆலோசகராகச் சென்ற தென் வியட்நாமில், 1962-இல் இதைப் போன்ற வேலியிட்ட கிராமங்கள் எழுந்தன. அங்கு அத்திட்டம் தோல்வியுற்றது.

இனி வரும் வேலிகளுக்குக் கம்பி தேவைப்படாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய ஜி.பி.எஸ். இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருக்கிறது. ஆளில்லா விமானமும் முகத்தை அடையாளம் காணும் கருவியும் போர்க்களத்திற்கும் கடைத்தெருவிற்கும் பொதுவாகிவிட்டன. 2020-இல் பெருந்தொற்றின்போது இராணுவத்தினர் சாலைத் தடுப்புகளில் நின்றதையும், மஸ்ஜித் இந்தியா வட்டாரம் முள்கம்பியால் சூழப்பட்டதையும் கண்டோம். அஃது உயிர்காக்கும் நோக்கில் செய்யப்பட்டது. முடிந்ததும் கம்பி அகற்றப்பட்டது.

அடையாள அட்டை இன்று மருத்துவமனைக்கும் தேர்வுக்கும் வாக்குரிமைக்கும் வழிவிடுகிறது. அஃது இல்லாமல் அல்லற்படும் நம் குடும்பங்களை ஆசிரியர்கள் அறிவோம். ஆதலால், கருவியை வெறுக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டுப்பாடு வரும்போது, 'இஃது எதற்காக? எந்நாள் வரை?' என்று பணிவோடும் துணிவோடும் கேட்கக் கற்பிக்க வேண்டும்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் அவசரகாலத்தைக் கண்ட தாத்தா பாட்டி இருந்தால், பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்துங்கள். அரிசி அளந்து வாங்கிய கதையைப் பாடநூலைவிட அவர்களே நன்றாகச் சொல்வார்கள்.